‘ஒரு டீ’ என்றால் சர்க்கரை போட்ட டீ: போனில் டீஃபால்ட் என்றால் என்ன?

போன மாங்காய் சீசனில் ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ரீசார்ஜ், டிஸ்பிளே மாற்றுவது, டெம்பர் கிளாஸ் ஒட்டுவது, அப்புறம் ஓடிபி வரவில்லை என்று புலம்பிக்கொண்டு வருகிறவர்களுக்கு அது வந்து அரை மணி நேரம் ஆகிவிட்டது என்று காட்டுவது, இதுதான் பிழைப்பு. பெரியவருக்கு ஊருக்கு வெளியே கொஞ்சம் மாந்தோப்பு உண்டு, எல்லாம் கூழ் ஃபேக்டரிக்குப் போகிற பெங்களூரா மரம். லோடு ஏற்றி அனுப்பிவிட்டு வந்த வேகத்திலேயே போனை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“தம்பி, இதப் பாரு. தொறக்கறதுக்கு முன்னாடியே யாரோ பொம்பளைப் படம் வருது. பேரன்தான் ஏதோ ஏத்தி வெச்சிட்டான்னு நேத்து ரெண்டு போட்டுட்டேன். அவன் அழுதுகிட்டே நான் இல்லைங்கறான்.”

வாங்கிப் பார்த்தேன். பூட்டிய திரையில், ஒவ்வொரு முறை பட்டனை அழுத்தும்போதும் ஒரு புதுப் படம். ஒருமுறை நடிகை, அடுத்த முறை ஏதோ மலை, அதற்கு அடுத்து கிரிக்கெட், நடுவில் சோப்பு விளம்பரம். பேரன் மேல் ஒரு குற்றமும் இல்லை. பெட்டியைப் பிரித்த நாளிலிருந்தே அது அந்த போனில் ஓடிக்கொண்டிருக்கிறது. செட்டிங்ஸுக்குள் போய், அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று என்று ஐந்தாறு தட்டு தட்டி அணைத்துக் கொடுத்தேன்.

“யாரு வெச்சது இத?”

“போன் கம்பெனிதான் பெரியப்பா.”

“என்னைய ஒரு வார்த்தை கேக்கலையே?”

உண்மையைச் சொல்லப்போனால் கேட்டிருக்கிறார்கள். புதுப் போனை முதன்முதலாக ஆன் செய்யும்போது பொடி எழுத்தில் நீளமாக ஒரு பத்தி வருமே, அதன் அடியில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு பட்டன் இருக்குமே, அங்கேதான் கேட்டார்கள். அந்த பட்டனை அவர் அழுத்தவில்லை. அந்தப் போனை அவருக்கு செட் செய்து கொடுத்தவன் நான். நான்தான் அழுத்தியிருப்பேன். அதை அன்றைக்கு அவரிடம் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

இந்தச் சமாச்சாரத்துக்குப் பெயர் டீஃபால்ட். நல்ல தமிழில் இயல்பிருப்பு என்று சொல்கிறார்கள், ஆனால் என் கடைக்கு வருகிற யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, அதனால் டீஃபால்ட் என்றே வைத்துக்கொள்கிறேன். இதைப் புரிந்துகொள்ள கம்ப்யூட்டர் எல்லாம் தெரிய வேண்டாம். டீக்கடைக்குப் போய் “ஒரு டீ” என்று சொல்கிறீர்கள். என்ன வருகிறது? பால் ஊற்றி, சர்க்கரை போட்டு, கிளாஸில் ஒரு டீ. பால் வேண்டும் என்று சொன்னீர்களா? சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று சொன்னீர்களா? சொல்லவில்லை. நீங்கள் வாய் திறக்காவிட்டால் என்ன நடக்குமோ அதுதான் டீஃபால்ட். சர்க்கரை வேண்டாம் என்கிறவர்தான் வாயைத் திறந்து “சக்கரை இல்லாம” என்று சொல்ல வேண்டும், கூட்டம் அதிகமாக இருந்தால் இரண்டு முறை சொல்ல வேண்டும், அப்படியும் சில நேரம் சர்க்கரை போட்டே வந்துவிடும்.

டீ மாஸ்டர் யாருக்கும் விரோதி கிடையாது. பத்துப் பேரில் எட்டுப் பேர் சர்க்கரை போட்டுத்தான் குடிப்பார்கள், ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தால் பால் பொங்கிவிடும். போனிலும் அப்படித்தான், ஆயிரக்கணக்கான இடங்களில் ஏதாவது ஒன்றை முன்கூட்டியே வைத்துத்தான் ஆக வேண்டும். எழுத்து எவ்வளவு பெரியது, மணி எவ்வளவு சத்தம், திரை எத்தனை நொடியில் அணைய வேண்டும், எல்லாவற்றையும் உங்களிடம் கேட்டால் போனை ஆன் செய்யவே ஒரு நாள் ஆகும். ஆக, டீஃபால்ட் இருப்பதைத் தப்பு என்று சொல்லவே முடியாது, அதை எந்தப் பக்கம் வைக்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

“அதான் மாத்திக்கலாமே, செட்டிங்ஸ்ல போனா எல்லாம் இருக்கு” என்று சிலர் சொல்வார்கள், குறிப்பாக இன்ஜினியரிங் படிக்கிற பையன்கள். மாற்றலாம்தான். எத்தனை பேர் மாற்றுகிறார்கள்? தினமும் பலருடைய போனைத் திறந்து பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், வால்பேப்பரையும் ரிங்டோனையும் தவிர பெரும்பாலான போன்களில் வேறு எதுவும் தொடப்பட்டிருக்காது. சாமி படம் வைப்பார்கள், குழந்தை படம் வைப்பார்கள், அதோடு சரி.

இது நம் ஊர் சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். எரிக் ஜான்சன், டேனியல் கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003-இல் ஐரோப்பிய நாடுகளின் உடல் உறுப்பு தானக் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஜெர்மனியில் தானத்துக்குச் சம்மதித்தவர்களாகக் கணக்கில் இருந்தவர்கள் 12 சதவீதம். பக்கத்து ஆஸ்திரியாவில் 99.98 சதவீதம். இரண்டு ஊரிலும் பேச்சு ஜெர்மன்தான், கிட்டத்தட்ட ஒரே பழக்கவழக்கம்தான். ஆஸ்திரியாக்காரர்கள் மட்டும் கர்ணன் பரம்பரையா என்ன? ஜெர்மனியில் தானம் செய்ய விரும்புகிறவர் பதிவு செய்ய வேண்டும். ஆஸ்திரியாவில் விரும்பாதவர்தான் பதிவு செய்ய வேண்டும். வேறுபாடு அவ்வளவுதான். உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்திலேயே எது முன்கூட்டி வைக்கப்பட்டிருக்கிறதோ அதிலேயே ஜனங்கள் இருந்துவிடுகிறார்கள் என்றால், போன் செட்டிங்ஸ் எம்மாத்திரம்.

சரி, இப்போது டீக்கடைக்கே திரும்பி வருவோம். ஒரு சர்க்கரை வியாபாரி டீ மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு, “கேக்கறவன் கேட்டுக்கட்டும், கேக்காதவனுக்கு என் சர்க்கரையத்தான் போடணும், ரெண்டு ஸ்பூனு, மாசாமாசம் காசு தர்றேன்” என்று பேசி முடிக்கிறார் என்று வையுங்கள். டீ அதே டீதான், “சக்கரை இல்லாம” என்று சொல்கிற உரிமை உங்களுக்கு அப்படியே இருக்கிறது, ஆனால் மாஸ்டர் இப்போது யாருக்காக டீ போடுகிறார் என்ற கேள்வி வந்துவிடுகிறது இல்லையா?

இது என் கற்பனை மட்டும் இல்லை. ஐபோனில் எதையாவது தேடினால் கூகுளில்தான் தேடுகிறது, அது ஆப்பிள் கம்பெனியின் போன், கூகுள் அவர்களுக்குப் போட்டிக் கம்பெனி, ஆனாலும் கூகுள்தான் வருகிறது. ஏன்? அந்த இடத்துக்குக் கூகுள் காசு கொடுக்கிறது. அமெரிக்க அரசு கூகுள் மேல் போட்ட வழக்கில் அந்தக் கணக்கு வெளியே வந்தது: 2021 ஒரே ஆண்டில், பல போன்களிலும் பிரவுசர்களிலும் தேடலுக்கான டீஃபால்ட் இடத்தைப் பிடிக்க கூகுள் கொடுத்தது 2,630 கோடி டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 2 லட்சம் கோடி ரூபாய். வேறு தேடுபொறிக்கு மாற்றிக்கொள்ள ஐபோனில் வழி இருக்கிறது, யாரும் தடுக்கவில்லை. யாரும் மாற்ற மாட்டார்கள் என்று தெரிந்துதானே அவ்வளவு காசு? 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றம், கூகுள் இப்படித் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காப்பாற்றிக்கொண்டது என்று தீர்ப்புச் சொன்னது.

நம் ஊரிலும் நடந்தது. ஆண்ட்ராய்டு போன்களில் தன்னுடைய ஆப்களையெல்லாம் மொத்தமாக ஏற்றித்தான் விற்க வேண்டும் என்று போன் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தியது உட்பட சில காரணங்களுக்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. என் கடைக்கு வருகிற புதுப் போன்களில் பெட்டியைப் பிரிக்கும்போதே ஒரு மூட்டை ஆப் இருக்கும், பாதியை அழிக்கவே முடியாது, ‘முடக்கு’ என்று மட்டும் வரும். வீட்டை வாடகைக்கு எடுத்தால் ஓனர் ஒரு அறையில் தன் சாமானைப் போட்டுப் பூட்டி வைத்திருப்பாரே, அது மாதிரி. ஆனால் போனை நாம் வாடகைக்கு எடுக்கவில்லை, விலை கொடுத்து வாங்கியிருக்கிறோம்.

ஒரே ஒரு டீஃபால்டைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு உண்டு. நீங்கள் ஒரு ஆப்பில் செருப்பு பார்த்தால் இன்னொரு ஆப்பில் செருப்பு விளம்பரம் வருகிறதே, அதற்கு ஆப்கள் உங்களைப் பின்தொடர வேண்டும். ஐபோனில் முன்பெல்லாம் அது தானாக நடந்துகொண்டிருந்தது, வேண்டாதவர்கள் தேடிப் போய் அணைக்கலாம். 2021 ஏப்ரலில் ஆப்பிள் அதைத் திருப்பிப் போட்டது. இனி ஒவ்வொரு ஆப்பும் வாயைத் திறந்து, “மற்ற இடங்களிலும் உங்களைப் பின்தொடரலாமா” என்று கேட்க வேண்டும், நீங்கள் சரி என்றால் மட்டும்தான். அவ்வளவுதான் மாற்றம், புதுக் கருவி எதுவும் இல்லை. ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா கம்பெனி 2022 பிப்ரவரியில், இதனால் அந்த ஆண்டு தனக்குச் சுமார் 1,000 கோடி டாலர் அடிபடும் என்று சொன்னது. கேட்காமல் எடுத்துக்கொண்டிருந்ததைக் கேட்டு எடுக்கச் சொன்னதற்கு எழுபத்தைந்தாயிரம் கோடி ரூபாய் நஷ்டம்! ஆப்பிள் இதை மக்கள் மேல் உள்ள அன்பினால் மட்டும் செய்தது என்று நான் நம்பவில்லை, அவர்களுக்கும் விளம்பர வியாபாரம் இருக்கிறது. அது இருக்கட்டும்.

இந்த இடத்தில் எப்போதும் ஒருவர் கத்தியைக் கொண்டுவருவார். “தொழில்நுட்பம் கத்தி மாதிரிங்க, காய் நறுக்கலாம், ஆளையும் குத்தலாம், தப்பு பிடிக்கிறவன் கையிலதான்.” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அவரை எங்கள் தெரு டெய்லர் கடைக்குக் கூட்டிப்போய் அங்கே கிடக்கிற பெரிய கத்தரிக்கோலை இடது கையில் பிடித்துத் துணி வெட்டச் சொல்ல வேண்டும். கட்டைவிரல் வலிக்கும், துணி வெட்டுப்படாமல் மடங்கும். கத்தரிக்கோல் கெட்டதில்லை, ஆனால் செய்தவன் வலதுகைக்காரனை நினைத்துச் செய்திருக்கிறான், இடதுகைக்காரன் காலம் முழுக்க “எனக்குத்தான் சரியா வெட்ட வரலை” என்று நினைத்துக்கொண்டிருப்பான். ஒரு இரும்புத் துண்டிலேயே இப்படி என்றால், ஆயிரம் முடிவுகளை உள்ளே வைத்து மூடிய போனை நடுநிலை என்று எப்படிச் சொல்வது? என் கடைக்கு வருகிற வயதானவர்களில் பாதிப்பேர் முதல் வார்த்தையாகச் சொல்வது, “எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா, நான்தான் எதையோ அமுக்கிட்டேன் போல.” அவர்கள் எதையும் அமுக்கியிருக்க மாட்டார்கள்.

கணக்குக்குப் பக்கம் கிடையாது, அல்காரிதம் (உங்களுக்கு எதைக் காட்டுவது என்று ஆப் உள்ளே போடுகிற கணக்கு) வெறும் கணக்குத்தானே என்றும் கேட்பார்கள். கணக்குக்குப் பக்கம் கிடையாதுதான், ஆனால் எதைக் கூட்ட வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்கிறாரே? மேப்பில் தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு வழி கேளுங்கள். தொப்பூர் கணவாய் வழியாகக் காட்டும், இத்தனை நிமிடம் என்று சொல்லும். அது கூட்டுவது நிமிடத்தைத்தான். அந்த இறக்கத்தில் எத்தனை லாரி பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிற வண்டிகள் மேல் ஏறியிருக்கிறது என்பது அந்தக் கூட்டலில் இல்லை. இந்தப் பக்கத்து டிரைவர் என்றால் கீழ் கியரில் மெதுவாக இறங்குவார், வெளியூரிலிருந்து முதல்முறை வருகிறவருக்கு அது வெறும் நீலக் கோடு. யூடியூபில் 2012 வரை எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்பதைத்தான் பெரிதாகப் பார்த்தார்கள், அந்த ஆண்டிலிருந்து எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை எண்ண ஆரம்பித்தார்கள். எண்ணுவது மாறியதும் மேலே வருகிற வீடியோவும் மாறியது. நீங்கள் என்ன பார்க்க நினைத்தீர்கள் என்று அது எண்ணுவதில்லை.

இவ்வளவு படித்ததும், அப்படியானால் எல்லாம் கம்பெனிக்காரன் சூழ்ச்சி, ஒருபக்கமும் சாயாத ஆப் ஒன்று வேண்டும் என்று தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது. அதை மாற்றியது வாட்ஸாப்.

2018-இல் குழந்தை கடத்தல் வதந்தி பரவியது ஞாபகம் இருக்கிறதா? வடநாட்டுக் கும்பல் இறங்கியிருக்கிறது, பிள்ளையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு குரல், எங்கேயோ எடுத்த ஒரு வீடியோ. எங்கள் தெருவில் சாயங்காலம் ஆனால் குழந்தைகளை உள்ளே பிடித்துப் போட்டுவிடுவார்கள், போர்வை விற்க வந்தவனைக்கூட நிறுத்தி விசாரித்தார்கள். அந்த ஆண்டு மே மாதம் பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த வயதான ஒரு அம்மாவைக் கூட்டம் அடித்தே கொன்றது. நாடு முழுக்க இப்படிப் பல உயிர் போனது. அப்போது வாட்ஸாப்பில் வந்ததை விரலை இழுத்து இழுத்துத் தேர்ந்தெடுத்து எத்தனையோ குரூப்புக்கு ஒரே தட்டில் தள்ளிவிடலாம். ‘நாங்கள் வெறும் தபால்காரர், கடிதத்தில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது’ என்பது நடுநிலை மாதிரி தெரியும். ஆனால் ஒரு கடிதத்தை ஒரு நொடியில் ஐம்பது பிரதி எடுத்துத் தருகிற தபால்காரர் வெறும் தபால்காரரா?

2018 ஜூலையில் இந்தியாவில் மட்டும் ஃபார்வர்டு ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குரூப்புக்கோதான் என்று குறைத்தார்கள், படம் வீடியோ பக்கத்தில் இருந்த ஃபார்வர்டு பட்டனையும் எடுத்தார்கள். 2019 ஜனவரியில் அதே ஐந்து உலகம் முழுக்க வந்தது. 2020 ஏப்ரலில் கொரோனா வதந்தி வந்ததும், ஏற்கெனவே பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும்தான் அனுப்பலாம் என்றார்கள், இரட்டை அம்புக்குறி போட்டு வருமே அதுதான். அதன்பின் அப்படிப்பட்ட செய்திகளின் ஓட்டம் 70 சதவீதம் குறைந்ததாக வாட்ஸாப்பே சொன்னது. இங்கே யாரையும் பேசாதே என்று சொல்லவில்லை, ஒரு செய்தியையும் படித்துப் பார்த்து அழிக்கவில்லை. ஆறாவது ஆளுக்கு அனுப்ப இன்னொருமுறை விரலை எடுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான் தடை. வாய்க்காலில் ஒரு கல்லை வைத்தது மாதிரி. அந்தக் கல் இல்லாமல் இருந்ததும் ஒரு முடிவு, கல்லை வைத்ததும் ஒரு முடிவு. நடுவில் நிற்கிற இடம் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை.

ஆனால் வழி போடுகிறவன், அதாவது நெட் இணைப்பு தருகிற கம்பெனி, வேறு; வழியில் கடை போடுகிறவன், அதாவது ஆப்போ தளமோ நடத்துகிறவன், வேறு. கடைக்காரன் எப்படியும் சாய்வான், வழி போடுகிறவன் சாயக்கூடாது என்பதற்குத்தான் நெட் நியூட்ராலிட்டி, இணையச் சமநிலை என்கிறார்கள். 2003-இல் டிம் வூ என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் வைத்த பெயர். கிருஷ்ணகிரி டோல்கேட்டில் காசு வாங்குகிறவர் காரா, பஸ்ஸா, லாரிக்கு எத்தனை அச்சு என்று பார்ப்பார். உள்ளே ராயக்கோட்டைத் தக்காளியா, ஓசூர் ரோஜாவா, இறங்கப்போவது யார் மண்டி என்று பார்த்து ஒரு மண்டிக்குப் போகிற லாரியை மட்டும் இலவசமாக விட்டால்? இரண்டே வருஷத்தில் அந்த மண்டி மட்டும்தான் இருக்கும். 2015-இல் ஃபேஸ்புக், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து ஒரு திட்டம் கொண்டுவந்தது, பின்னால் அதற்கு ஃப்ரீ பேசிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். டேட்டா போட முடியாதவர்களுக்குக் குறிப்பிட்ட சில தளங்கள் மட்டும் இலவசம். ஒன்றும் இல்லாததற்கு இதாவது கிடைக்கட்டுமே என்று சொன்னவர்களும் இருந்தார்கள், அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை, அன்றைக்கு ஒரு ஜிபி என்ன விலை விற்றது என்று ரீசார்ஜ் போட்டுக் கொடுத்த எனக்குத் தெரியும். ஆனால் எந்தத் தளம் இலவசம் என்று தீர்மானிக்கிற கை யாருடையது? இணையச் சமநிலை வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல் போனது. 2016 பிப்ரவரி 8-ஆம் தேதி, தளத்தைப் பார்த்து விலை வைக்கக்கூடாது என்று டிராய் விதி போட்டது. ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவில் அதோடு மூட்டை கட்டியது.

அதே 2016-இல் வந்த இன்னொன்றை நாம் தினமும் கையில் வைத்துக்கொண்டே கவனிக்காமல் விட்டுவிட்டோம். என் கடை மேசையில் ஒட்டியிருக்கிற க்யூஆர் அட்டை ஒரு கம்பெனியுடையது. அதை நீங்கள் எந்த ஆப்பில் ஸ்கேன் செய்தாலும் பணம் எனக்கு வந்துவிடுகிறது. கூகுள் பேயில் இருந்து போன்பேக்குப் போகும், வங்கி ஆப்பில் இருந்து இரண்டுக்கும் போகும். எல்லாம் யுபிஐ என்ற பொதுத் தடத்தில் ஓடுவதால். இப்போது உங்கள் வாட்ஸாப்பில் இருந்து பக்கத்தில் இருப்பவரின் டெலிகிராமுக்கு ஒரு ‘வணக்கம்’ அனுப்பிப் பாருங்கள். போகாது. ரூபாய் போகிற இடத்தில் வணக்கம் போகாது என்றால் அது தொழில்நுட்பத்தின் குறை இல்லை. ஒரு இடத்தில் எல்லோருக்கும் பொதுவாக இரு என்று விதி வைத்தார்கள், இன்னொரு இடத்தில் வைக்கவில்லை. யுபிஐயிலும் முழுச் சமநிலை வந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை, பெரும்பங்கு இரண்டு ஆப்களிடம்தான் இருக்கிறது. ஒரு ஆப் 30 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று 2020-இல் போட்ட விதி தள்ளித் தள்ளி 2026 இறுதிக்கு வந்து நிற்கிறது.

ஊரை எல்லாம் சொல்லிவிட்டு என் கடையைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. உள்ளே நுழைந்ததும் கண் மட்டத்தில் தொங்குகிற சார்ஜர் எது என்று நினைக்கிறீர்கள்? எனக்கு அதிக லாபம் தருவது. நல்ல சார்ஜரும் இருக்கிறது, கீழ்த்தட்டில், கேட்டால் எடுத்துக் கொடுப்பேன், பொய் சொல்ல மாட்டேன். ஷாப்பிங் ஆப்பில் தேடினால் முதல் இரண்டு வரிசையில் சாம்பல் நிறத்தில் பொடியாக ‘ஸ்பான்சர்டு’ என்று இருக்குமே, அதுதான் என் கண் மட்டம். என் மேல் உங்களுக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்துக் கடைக்குப் போவீர்கள், ஆப் மேல் வந்தால் எங்கே போவீர்கள் என்பதுதான் எனக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம்.

எனக்கே ஒரு பாடம் நடந்தது. கோயம்புத்தூருக்கு ஒரு ஆப்பில் பஸ் டிக்கெட் போட்டேன், காட்டிய விலைக்கும் கழிந்த பணத்துக்கும் இடையில் கொஞ்சம் உதைத்தது. தேடிப் பார்த்தால் பயணக் காப்பீடு என்று ஒரு கட்டம், அதில் டிக் ஏற்கெனவே போட்டிருந்தது. பெரிய தொகை இல்லை, ஒரு பிளேட் நிப்பட்டு வாங்குகிற காசு. ஆனால் என்னைப்போல லட்சம் பேர் கவனிக்காமல் போயிருப்பார்களே. இந்த மாதிரி ஏற்பாடுகளுக்கு டார்க் பேட்டர்ன் என்று பெயர். கேட்காமல் கூடையில் பொருளைச் சேர்ப்பது, சேர ஒரு பட்டனும் விலக ஒன்பது பட்டனும் வைப்பது என்று 13 வகைகளைப் பட்டியல் போட்டு மத்திய அரசு 2023 நவம்பரில் தடை செய்திருக்கிறது.

செட்டிங்ஸில் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால், எல்லாவற்றையும் நோண்ட வேண்டாம் என்றுதான் சொல்வேன், சலித்துப் போய் விட்டுவிடுவீர்கள். முதலில் லொகேஷன். டார்ச் ஆப்புக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எதற்குத் தெரிய வேண்டும்? மேப், கார் புக்கிங் போன்றவற்றுக்கு மட்டும் ‘ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்’ என்று வைத்துவிட்டு மற்றதை அணைத்துவிடலாம். அடுத்து நோட்டிஃபிகேஷன். 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், புது ஆப் எதுவும் உங்களைக் கேட்டுவிட்டுத்தான் மணி அடிக்க வேண்டும், கேட்கும்போது யோசித்துச் சொல்லுங்கள், இல்லை என்று சொன்னால் ஆப் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. அப்புறம் கூகுள் செட்டிங்ஸில் விளம்பரங்கள் என்ற பகுதியில் விளம்பர அடையாள எண்ணை அழிக்க ஒரு பட்டன் இருக்கிறது, ஓரளவு புதிய போன் என்றால். விளம்பரம் நிற்காது, ஆனால் உங்கள் செருப்பைத் துரத்திக்கொண்டு வருவது குறையும்.

மாங்காய் சீசன் முடிந்து, தோப்பில் உழவு ஓட்டுகிற சமயத்தில் பெரியவர் மறுபடி வந்தார். இந்த முறை பேரனும் கூட. போன் அப்டேட் ஆகியிருக்கிறது, ஆனதும் பூட்டிய திரையில் பழையபடி மலையும் நடிகையும் வந்துவிட்டார்கள். கையை நீட்டினேன், அவர் போனைக் கொடுக்கவில்லை. “நீ வழி மட்டும் சொல்லு, நானே பண்றேன்” என்றார்.

சொன்னேன். மாங்காய்ப் பால் பட்டுக் கறுத்த விரலால் ஒவ்வொன்றாகத் தட்டினார், ஒருமுறை தவறான இடத்துக்குள் போய்விட்டார், பேரன் திரும்பக் கூட்டிவந்தான். கடைசியில் அந்தப் பட்டனை இடப்பக்கம் தள்ளியதும் ஒரு கட்டம் மேலே எழுந்து வந்தது. பேரன் எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினான்: “நிச்சயமாக அணைக்க வேண்டுமா?”

பெரியவர் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு போனைப் பார்த்தே கேட்டார்.

“ஏண்டா, வெக்கறப்ப இதக் கேட்டியா?”